பழைய டிசைனர் சேர் ஒரிஜினலா? காரைக்குடிப் பக்கம் வாங்குறவங்களும் விக்கிறவங்களும் கேக்குற கேள்விகள்

காரைக்குடியில பழைய மரச் சாமான் ரிப்பேர் பண்ற பட்டறை வச்சிருக்கேன். பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்குற முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு கடையில நின்னுக்கிட்டே போட்டோ எடுத்து அனுப்பி "அண்ணே இது ஒரிஜினலா, கடைக்காரர் வெயிட் பண்றார், உடனே சொல்லுங்க"ன்னு கேக்குறவங்க ஒரு பக்கம். ஊர்ல பூட்டிக்கிடக்குற வீட்ட சுத்தம் பண்ணும்போது மாடியில சேர் கெடச்சுது, இது லட்சக்கணக்குல போகுமாமேன்னு கேக்குற ஆச்சிமாருங்க இன்னொரு பக்கம். ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வர்றதால அவங்க கேட்ட மாதிரியே கேள்விய வச்சு பதில் எழுதிட்டேன். அடியில வர்ற பதில்கள்ல மேல சொன்னத திரும்பச் சொல்லல, அதனால மேலருந்து படிச்சா நல்லது.

மிட்-செஞ்சுரின்னா என்ன? எங்க ஐயா காலத்துச் சாமான் எல்லாம் அதுல வந்துடுமா?

தோராயமா 1945லருந்து 1970 வரைக்கும் வந்த நவீன பாணிச் சாமானத்தான் அப்படிச் சொல்றாங்க. செதுக்கு வேலை இருக்காது, கோடு நேரா சுத்தமா இருக்கும், கால் கீழ போகப் போக மெலியும், பிளைவுட், ஃபைபர்கிளாஸ், ஸ்டீல் குழாய்னு அப்ப புதுசா வந்த பொருளக் கூசாம வெளிய தெரியுற மாதிரி வச்சிருப்பாங்க. நம்ம ஊர் பெரிய வீடு முக்கால்வாசி அதுக்கு முன்னாடியே கட்டுனது. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்புறம் அங்கருந்து வந்த பணமும் மரமும் நின்னு போச்சு, அதனால முகப்புலயும் வளவுலயும் (நடு முற்றத்தச் சுத்தியிருக்குற பகுதி) இருக்குற சாமான் பெரும்பாலும் அதுக்கு முந்தினதுதான். மிட்-செஞ்சுரிச் சாமான் தேடணும்னா மாடி ரூம், பின்னாடி சேத்துக் கட்டுன ஹால், மெட்ராஸ்ல வீடு வச்சிருந்தவங்க காலி பண்ணிக் கொண்டாந்து போட்ட மூலை, இங்கல்லாம் பாருங்க.

இன்னொண்ணு இப்பவே சொல்லிடுறேன், பின்னாடி எல்லாப் பதிலுக்கும் இது வேணும். ஒரிஜினலான்னு நீங்க கேக்குறது ஒரு கேள்வி இல்ல, மூணு கேள்வி. யார் டிசைன் பண்ணது, யார் செஞ்சது, எப்ப செஞ்சது. மூணுக்கும் தனித்தனியா பதில் வேணும். ஒண்ணுக்குப் பதில் கெடச்ச உடனே மத்த ரெண்டும் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிறதுலதான் பாதிப் பேர் பணத்த விடுறாங்க.

சாய்வு நாற்காலி, கை வெளிய நீளுற ஈசி சேர், இதையெல்லாம் டிசைனர் ஃபர்னிச்சர்னு போட்டு விக்கிறாங்களே?

இல்லைங்க. அது வெள்ளக்காரன் காலத்து எஸ்டேட் பங்களா சேர், டிசைனர் பேரு எதுவும் அதுக்குக் கிடையாது. அருமையான சாமான், அதுக்குன்னு ஒரு விலை உண்டு, அந்த விலைக்கு வாங்குங்க. பேர மாத்திச் சொன்னா விலையும் மாறும், அந்த வித்தியாசத்துக்குத்தான் அந்தப் பேரே.

வட்டமா வளைஞ்ச மரச் சேர் நாலு இருக்கு, சீட்டுக்கு அடியில பேப்பர் ஒட்டியிருக்கு. இது தோனெட் தானே?

இருக்கலாம், நம்ம வீடுகள்ல வளைமரச் சேர் நெறையவே இருக்கு. மிக்கேல் தோனெட் ஜெர்மனியில பொறந்து வியன்னாவுல தொழில் பண்ணவர், அவரோட 14ஆம் நம்பர் சேர் 1859ல வந்துச்சு, ஆறே மரத் துண்டு, பத்து ஸ்க்ரூ, ரெண்டு நட்டு, அவ்வளவுதான் மொத்தச் சேரும். கழட்டி அடுக்குனா ஒரு கன மீட்டர் பெட்டியில 36 சேர் போகும். கப்பல் சரக்கா உலகம் பூரா போனது அதனாலதான். ஆனா பேடன்ட் 1869ல முடிஞ்சுது, உடனே நெறையக் கம்பெனி அதே சேரச் செய்ய ஆரம்பிச்சாங்க, ஜே அண்ட் ஜே கோன், பின்னாடி முண்டுஸ்னு. அதனால வளைஞ்ச சேர் எல்லாம் தோனெட் கிடையாது. சீட்டு வளையத்துக்கு உள்பக்கம் பேப்பர் லேபிளும், மரத்துல அழுத்துன முத்திரையும் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, ரெண்டுலயும் ஒரே பேர் இருந்தா நல்ல அறிகுறி. மரமும் தேக்கு இல்ல, பீச் மரம், வெளுப்பா சின்னச் சின்னப் புள்ளியா ரேகை இருக்கும். தேக்குல வளைஞ்ச சேர் வந்தா அது வியன்னாவுலருந்து வந்ததில்ல.

இது மிட்-செஞ்சுரி இல்லன்னாலும் ஏன் எழுதுறேன்னா, பட்டறை ஆரம்பிச்ச புதுசுல கோட்டையூர்ல ஒரு வீட்டுலருந்து வந்த ஆறு சேர நான் தண்ணி விட்டுக் கழுவிட்டேன். அழுக்குப் போகட்டும்னு நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன். அஞ்சு சேர்ல லேபிள் கரைஞ்சு போச்சு. மிச்சமிருந்த ஒண்ணுலதான் கம்பெனிப் பேரே படிக்க முடிஞ்சுது. அந்த ஆச்சி ஒண்ணும் சொல்லல, "போகட்டும்ப்பா"ன்னாங்க, எனக்கு இன்னிக்கும் அது உறுத்தும். அதனால எந்தச் சாமானையும் கவுத்துப் போட்டு அடியில பாக்காம ஈரத்துணி கூட வைக்காதீங்க.

சேருக்குப் பின்னாடி வெள்ளை பெயிண்ட்ல எம்.ஆர்.னு எழுதியிருக்கு. இது டிசைனரோட இனிஷியலா?

உங்க வீட்டு விலாசமா, அதாவது குடும்பத்து இனிஷியலா இருக்கும், முதல்ல வீட்டுல பெரியவங்ககிட்ட கேளுங்க. செட்டிநாட்டு வீடுகள்ல அண்டா குண்டாலருந்து பெட்டகம் வரைக்கும் குடும்பத்து விலாச எழுத்த வெட்டியோ எழுதியோ வைக்கிற பழக்கம் உண்டு. கல்யாணத்துக்குச் சாமான் இரவல் போய்த் திரும்பும்போது அடையாளத்துக்கு அதுதான். இதத் தெரியாத வெளியூர்க்காரங்க ஏதோ ஃபேக்டரிக் குறின்னு நெனச்சு அதிக விலை குடுத்திருக்காங்க. விலாசம் இருக்குறது வேற விதத்துல நல்லது, அந்தச் சாமான் எந்த வீட்டுலருந்து வந்துச்சுன்னு அது சொல்லிடும்.

சண்டிகர் சேர்னு ஒண்ணு காட்டுனாங்க. அதென்ன, ஏன் அவ்வளவு விலை?

பிரிவினையில லாகூர் பாகிஸ்தான் பக்கம் போனதும் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் வேணும்னு கட்டுன ஊர் சண்டிகர். 1951லருந்து லெ கோர்பூசியே அதுக்கு ஆர்க்கிடெக்ட், ஆனா அவர் வந்து வந்து போவார், அங்கயே தங்கி வேலையப் பாத்தது அவரோட ஒண்ணுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே. 1965 வரைக்கும் இருந்தார். செகரட்டேரியட், ஹைகோர்ட், யுனிவர்சிட்டி, காலேஜ் எல்லாத்துக்கும் ஆயிரக்கணக்குல சாமான் வேணும், அதுக்காக அவரும் யூலி சௌத்ரி மாதிரி இந்திய ஆர்க்கிடெக்டுங்களும் தேக்குலயும் பிரம்புலயும் உள்ளூர்த் தச்சர் சுலபமா செய்யுற மாதிரி டிசைன் போட்டாங்க. பக்கத்துலருந்து பாத்தா தலைகீழ் வி மாதிரி கால் இருக்குமே, அந்த ஆபீஸ் சேர்தான் இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சது.

பின்னாடி ஸ்டீல் சேரும் பிளாஸ்டிக் சேரும் வந்ததும் இதெல்லாம் உடைசல்னு மொட்டை மாடியில குவிச்சு, அரசாங்கமே ஏலத்துல ஸ்கிராப் விலைக்கு வித்துச்சு. பிரான்ஸ் நாட்டு வியாபாரிங்க சிலர் அத மொத்தமா வாங்கிட்டுப் போயி, சீராக்கி, பாரிஸ்லயும் நியூயார்க்லயும் விக்க ஆரம்பிச்சாங்க. விலை ஏறுன கதை அதுதான். விலை ஏறுன அன்னைக்கே நகலும் ஆரம்பிச்சுது.

அதுல ஜான்னரே கையெழுத்தோ கம்பெனி முத்திரையோ இருக்கும்ல?

இருக்காது. கையெழுத்து இருந்தாத்தான் சந்தேகப்படணும். அந்தச் சாமான ஒரே ஃபேக்டரி செய்யல, பல பட்டறைக்குப் பிரிச்சுக் குடுத்துச் செஞ்சது, அதனால நெஜமான சேர்லயே ஒண்ணுக்கொண்ணு அளவு கொஞ்சம் மாறும், காலோட தடிமன் மாறும், இணைப்பு மாறும். அளவு ஒத்துவரலங்குறதுக்காக மட்டும் போலின்னு ஒதுக்க முடியாது, அளவு அச்சா ஒத்துவருதுங்குறதுக்காக நம்பவும் முடியாது, ஏன்னா அளவு இப்ப எல்லாருக்கும் தெரியும்.

பல சேர்ல இருக்குறது எந்த ஆபீஸ், எந்த டிபார்ட்மெண்ட், எத்தனாவது சாமான்னு சொல்ற இருப்புக் குறி. ஸ்டென்சில்லயோ கையாலயோ பெயிண்ட்ல எழுதியிருக்கும், சிலதுல மரத்துலயே வெட்டியிருக்கும். நம்ம விலாசம் மாதிரியேதான், ஆனா சர்க்கார் விலாசம்.

அந்தக் குறிய எவனும் எழுதிடலாமே?

எழுதிடலாம், எழுதுறாங்க. அதனால எழுத்து இருக்கான்னு பாக்காதீங்க, எழுத்துக்கும் தேய்மானத்துக்கும் எது முன்னாடி எது பின்னாடின்னு பாருங்க. அம்பது வருஷம் சுவத்துல உரசுன சேர்ல கீறல் எழுத்துக்கு மேல ஓடும், பெயிண்ட் அங்கங்க உதிர்ந்து மரம் தெரியும். புதுசா எழுதுனதுல பெயிண்ட் கீறலுக்குள்ள இறங்கி நிரம்பியிருக்கும், அதாவது கீறல் முதல்ல வந்துச்சு, எழுத்து அப்புறம் வந்துச்சு. போன்ல ஒரு சின்ன லென்ஸ் மாட்டிப் பாத்தாலே தெரியும். சேர் பூரா வழவழன்னு இழைச்சு புது பாலிஷ் போட்டிருக்கு, ஆனா எழுத்து மட்டும் பளிச்சுன்னு இருக்குன்னா அது எப்படித் தப்பிச்சுதுன்னு கேளுங்க.

நம்ம ஊர் ஆபீஸ் ஏலத்துல எடுத்த சேர் அதே மாதிரி இருக்கே?

1950-கள்ல எங்க பாத்தாலும் தேக்கும் பிரம்பும்தான். காரைக்குடியிலயே 1947ல அழகப்பா காலேஜ், 1953ல மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்னு வரிசையா வந்த காலம் அது, ஊருக்கு ஊர் புது ஆபீஸ், புது காலேஜ். அத்தனைக்கும் மேஜை நாற்காலி அந்தந்த ஊர் ஆசாரிங்க செஞ்சது, வெயிலுக்குப் பிரம்பு முதுகுதான் தோது. அதனால பிரம்பு முதுகு தேக்குச் சேர் எல்லாம் சண்டிகர் ஆயிடாது. ஆனா அந்தச் சேரத் தூக்கிப் போடாதீங்க, ஏலச் சீட்டோட பத்திரமா வைங்க. எங்க செஞ்சது, எங்க இருந்ததுன்னு தெரிஞ்ச ஒரு நல்ல தேக்குச் சேர், பேர் திருடி ஒட்டுன சேர விட எனக்கு ஒசத்தி.

பர்மா தேக்கு, நூறு வருஷ மரம்னு அடிச்சுச் சொல்றாங்க. மரம் பழசுன்னா சேரும் பழசுதானே?

இந்த ஒரு பதில மட்டுமாவது முழுசாப் படிங்க. மத்த ஊர்ல பழைய மரம் கெடைக்குறது கஷ்டம், நம்ம ஊர்ல அப்படி இல்ல. இங்க வருஷா வருஷம் வீடு பிரிக்கிறாங்க. தூணு, உத்தரம், கைமரம், நிலை, கதவுன்னு பர்மா தேக்கு லோடு லோடா வருது. அத அறுத்துச் சேர் செஞ்சா மரத்துக்கு வயசு நூறுக்கு மேல, சேருக்கு வயசு மூணு மாசம். மரத்தக் காட்டிப் பேசுற வியாபாரி பொய் சொல்லல, ஆனா நீங்க கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லல. முதல்ல சொன்னேனே மூணு கேள்வின்னு, எப்ப செஞ்சதுங்குறதுக்கு மரத்தோட வயசு பதிலே கிடையாது.

எப்படிப் பிடிக்கிறதுன்னா, முதல்ல சம்பந்தமில்லாத துளைகளத் தேடுங்க. கைமரத்துல பழைய இரும்பாணி இருந்த எடத்துல மரம் கறுத்துப் போயிருக்கும், அந்தத் துளைய மரச் சக்கை வச்சு அடைச்சிருப்பாங்க. சேரோட கால் நடுவுல, எதையும் பிடிக்காத ஒரு எடத்துல கறுப்பு வளையத்தோட அடைச்ச துளை இருந்தா, அந்தக் கட்டை முன் ஜென்மத்துல வேற எதாவோ இருந்துச்சு. அடுத்து, யாரும் பாக்க மாட்டாங்கன்னு விட்ட எடம். சீட்டுச் சட்டத்தோட உள்பக்கம், கால் பாதத்துக்கு அடி, கட்டை ரெண்டும் சேருற சந்து. நெஜமா அறுபது வருஷம் ஆன சேர்ல வெளிய வெளிச்சம் பட்ட மரம் ஒரு நெறம், உள்ள மூடிக்கிடந்த மரம் வேற நெறம், நடுவுல தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேந்து படிஞ்சிருக்கும். புதுசா செஞ்சதுல ஒண்ணு எல்லாப் பக்கமும் ஒரே நெறமா இருக்கும், இல்ல டீ டிகாஷன் மாதிரி ஒரு சாயம் ஒரே சீரா பூசியிருக்கும். விரல் நகத்தால அடிப்பக்கம் லேசா கீறிப் பாருங்க, சாயம்னா கீழ உடனே சாயம் ஏறாத வெறும் மரம் தெரியும்.

மூக்கும் உதவும். பழைய தேக்க புதுசா அறுத்தா தோல் மாதிரி, எண்ணெய் மாதிரி ஒரு வாசம் வரும், பட்டறைக்காரனுக்கு அது நல்லாத் தெரியும். சந்துல மூக்க வச்சா அந்த வாசம் தூக்கலா வந்துச்சுன்னா உளி பட்டு ரொம்ப நாள் ஆகல.

ஸ்க்ரூ, ஆணி, பசை பாத்துக் கண்டுபிடிக்கலாம்ங்கறாங்களே?

உதவும், ஆனா அது ஒண்ண மட்டும் நம்பாதீங்க. பழைய ஸ்க்ரூ தலையில ஒரே கோடு இருக்கும். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ அமெரிக்காவுல 1930-கள்லயே வந்துடுச்சு, நம்ம ஊர்த் தச்சர் கையில ரொம்பப் பின்னாடிதான் வந்துச்சு. 1950-கள்ல இங்க செஞ்சதுங்குற சேர்ல எல்லா ஸ்க்ரூவும் நட்சத்திரத் தலைன்னா பதில் கேக்கணும். ரெண்டு மூணு மட்டும்னா யாரோ ரிப்பேர் பண்ணியிருக்காங்க, அவ்வளவுதான். கோட்டுத் தலை ஸ்க்ரூ இன்னைக்கும் கடையில கெடைக்குது, அதனால அது இருக்குறது பழசுக்குச் சாட்சி இல்ல. ஸ்க்ரூவ வெளிய எடுத்துப் பாருங்க, பழசுன்னா அது இருந்த துளையில துரு மரத்துல ஊறி கறை இருக்கும்.

பசை விஷயத்துல, ஃபெவிகால் வந்தது 1959ல, அதுக்கு முன்னாடி ஆசாரிங்க வச்சிரம் (மாட்டுத் தோல், எலும்புலருந்து எடுக்குற பசை) காய்ச்சித்தான் ஒட்டுனாங்க. வச்சிரம் பழுப்பா கண்ணாடி மாதிரி நொறுங்கும், வெந்நீர் பட்டா இளகும். வெள்ளையா ரப்பர் மாதிரி பசை பிதுங்கியிருந்தா அந்த எடம் பின்னாடி ஒட்டுனது. முழுச் சேரும் அப்படின்னா மொத்தமும் பின்னாடிதான்.

தேய்மானம் எங்க இருக்கணும்?

மனுசன் எப்படி உக்காருவான்னு யோசிங்க, நீங்களே ஒரு தடவ உக்காந்து பாருங்க. கைப்பிடி நுனி, முன் கட்டையில குதிகால் முட்டுற எடம், பின் காலத் தரையில இழுக்குற எடம், தூக்கும்போது கை வைக்கிற முதுகுக் கட்டையோட அடி. இங்கல்லாம் மழுங்கியிருக்கணும், மத்த எடத்துல விளிம்பு கூராவே இருக்கணும். செயற்கையா பழசாக்குறவங்க உப்புத்தாள எல்லா மூலையிலயும் ஒரே மாதிரி ஓட்டிடுறாங்க, சங்கிலியால அடிச்சுத் தழும்பு போடுறாங்க, அந்தத் தழும்பு எல்லாம் ஒரே அளவுல இருக்கும். நாலு சேர் செட்டா வந்தா நாலுலயும் ஒரே எடத்துல ஒரே தழும்பு இருக்கான்னு பாருங்க. வட்ட மேஜைன்னா டேப் வச்சு ரேகை வாக்குலயும் குறுக்காலயும் அளந்து பாருங்க, மரம் குறுக்காலதான் சுருங்கும், பழைய மேஜை ரொம்பச் சின்ன அளவுக்காவது முட்டை வட்டமா ஆகியிருக்கும்.

பிரம்பு புதுசா இருக்கு, அப்ப டூப்ளிகேட்டா?

இல்ல. பிரம்பு பிஞ்சு போற பொருள், அறுபது வருஷத்துல ரெண்டு தடவையாவது மாத்தியிருப்பாங்க. பழைய பிரம்பு அப்படியே இருந்தாத்தான் ஆச்சரியம். பிரம்ப விட்டுட்டு சட்டத்தப் பாருங்க. கையால பின்னுறதுக்கு சட்டத்தச் சுத்தி வரிசையா துளை போட்டிருப்பாங்க, ஒவ்வொரு பின்னலுக்கும் அந்தத் துளையோட வாய் பிரம்பு இழுத்து இழுத்து வழவழப்பா ஆகியிருக்கும். துளையே இல்லாம ஒரு காடி வெட்டி ரெடிமேட் பிரம்புப் பாய அழுத்தி குச்சி வச்சு அடைச்சிருந்தா, சண்டிகர் சேர்னு சொல்றதுக்கு அது சரியா வரல.

பாலிஷ் போட்டுட்டு வித்தா நல்ல விலை வரும்ல?

வராது, கொறையும். தோனெட் லேபிளுக்கு நான் பண்ண அதே தப்பத்தான் நீங்க பண்ணப் போறீங்க. பழைய மேல்பூச்சுதான் உங்க சாட்சி. அத உரிச்சு மெலமைனோ பியூ பாலிஷோ அடிச்சுட்டா, அப்புறம் உங்க சேரையும் போன மாசம் செஞ்ச சேரையும் பக்கத்துல வச்சா நானே தடுமாறுவேன். தூசி தட்டுங்க, காஞ்ச துணியால துடைங்க, கரையான், உளுப்பு இருந்தா தனியா வைங்க. மிச்சத்த வாங்குறவர் பாத்துக்குவார்.

மேல்பூச்சு பழசான்னு பாக்க ஒரு வழி உண்டு. பழைய அரக்கு பாலிஷ் ஸ்பிரிட்ல கரையும், அடிப்பக்கம் மறைவான எடத்துல பஞ்சுல ஒரு சொட்டுத் தொட்டு வச்சா பிசுபிசுக்கும். புது பியூ பாலிஷ் அசையாது. கறுப்பு லைட்டுன்னு சொல்ற யூவி டார்ச் அடிச்சா அரக்கு ஆரஞ்சு நெறமா ஒளிரும். கடைக்காரர் சாமானுல அவர்கிட்ட கேக்காம ஸ்பிரிட் வைக்காதீங்க, டார்ச் அடிக்கிறதுக்கு யாரும் தடை சொல்ல மாட்டாங்க.

சென்னையில கம்பெனி பங்களா காலி பண்ணப்ப எடுத்ததுன்னு ஈம்ஸ் லவுஞ்ச் சேர் ஒண்ணு வந்திருக்கு, எதப் பாக்குறது?

சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1956ல போட்ட டிசைன், அமெரிக்காவுல ஹெர்மன் மில்லர், ஐரோப்பாவுல விட்ரா செய்யுறாங்க. உலகத்துல அதிகமா காப்பி அடிச்ச சேர்கள்ல இது ஒண்ணு. சேருக்கு அஞ்சு கால் நட்சத்திரம், கால் வைக்கிற ஸ்டூலுக்கு நாலு கால், ரெண்டும் ஒரே எண்ணிக்கைன்னா அப்பவே எந்திரிச்சு வந்துடலாம். உயரம் ஏத்தி இறக்குற லிவர் இருந்தாலும் அப்படியே. முதுகு ஷெல்லோட (வளைச்ச பிளைவுட் ஓடு) வெளிப்பக்க மரத்துல ஸ்க்ரூ தலை தெரியக்கூடாது. ஷெல்லோட விளிம்புல பிளைவுட் அடுக்க எண்ணுங்க, பழசுல 5, பின்னாடி வந்ததுல 7. சீட்டுக்கு அடியில கம்பெனி லேபிள் இருக்கணும், லேபிள ஒட்டுறது சுலபம்ங்குறதால அது மட்டும் போதாது.

இவங்க ரெண்டு பேரும் நம்ம நாட்டுக்கு வந்து 1958ல குடுத்த அறிக்கையிலருந்துதான் 1961ல அகமதாபாத் டிசைன் கல்லூரி வந்துச்சு. அத வச்சு "அவர் இந்தியா வந்தப்ப செஞ்ச சேர்"னு ஒரு கதை சுத்துது. வந்தது உண்மை. அதனால உங்க முன்னாடி இருக்குற சேர் அவர் செஞ்சதாயிடாது.

டேனிஷ் சேர்னு சொல்லி ஒய் மாதிரி முதுகு இருக்குறது?

ஹான்ஸ் வெக்னர் 1949ல போட்டது, கார்ல் ஹான்சன் கம்பெனி 1950லருந்து இன்னிக்கு வரைக்கும் நிறுத்தாம செய்யுது. சீட்டு முறுக்குன காகிதக் கயிறு, ஒரு சேருக்குச் சுமார் 120 மீட்டர் போகும். நைலான் கயிறு, பிளாஸ்டிக் வயர்னா மாத்துனதோ போலியோ, சட்டத்தப் பாத்து முடிவு பண்ணுங்க. இங்க முதல் கேள்வியில சொன்ன மூணு கேள்விய மறக்காதீங்க, போன வருஷம் கம்பெனி செஞ்சதும் ஒரிஜினல்தான், ஆனா பழசு இல்ல, பழசோட விலை அதுக்குக் குடுக்க வேண்டியதில்ல.

பாண்டிச்சேரி ஆசிரமத்துல நகாஷிமா செஞ்ச நாற்காலின்னு ஒருத்தர் சொல்றார், நம்பலாமா?

இந்தக் கதைக்கு அடியில உண்மை இருக்கு, அதனாலதான் ஆபத்து. ஜார்ஜ் நகாஷிமா பின்னாடி அமெரிக்காவுல பெரிய பேர் எடுத்த மரவேலைக்காரர். 1937ல அரவிந்தர் ஆசிரமத்துல கோல்கொண்டாங்குற தங்குமிடம் கட்டும்போது ஆண்டனின் ரேமண்ட்ங்குற ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்லருந்து வந்து, ரெண்டு வருஷம் இருந்து, உள்ள போடுற தேக்குச் சாமானும் டிசைன் பண்ணார். 1960-கள்ல அகமதாபாத்துக்கும் வந்தார். ஆனா கோல்கொண்டாச் சாமான் அந்தக் கட்டடத்துக்குன்னு செஞ்சது, அது எப்படி வெளிய வந்துச்சுன்னு எழுத்துல காட்டணும். அவரோட அமெரிக்கப் பட்டறைச் சாமான்ல அடியில ஆர்டர் குடுத்தவர் பேர மையில எழுதியிருக்கும், அந்த மாதிரி ஒரு நூல் பிடிச்சுப் போக வழி இருக்கணும். "பாண்டிச்சேரியிலருந்து வந்துச்சு"ங்குறது ஊர் பேர் மட்டும்தான்.

நகல் வாங்குறது தப்பா?

இல்லவே இல்ல, நகல்னு சொல்லி வித்தா. சண்டிகர் டிசைன இத்தாலியில கஸ்ஸினா கம்பெனி செய்யுது, பெங்களூர்ல ஃபான்டம் ஹேண்ட்ஸ் கம்பெனி செய்யுது, எல்லாம் வெளிப்படையா இப்ப செஞ்சதுன்னு சொல்லித்தான் விக்கிறாங்க. நம்ம ஊர் ஆசாரி பழைய கைமரத்துல செஞ்சு குடுக்குற சேர் உக்காரவும் உழைக்கவும் பிரமாதமா இருக்கும். நானே செஞ்சு குடுத்திருக்கேன், அடியில வருஷத்தையும் பட்டறைப் பேரையும் சூட்டுக்கோலால போட்டுத்தான் அனுப்புவேன். நாளைக்கு என் சேர வச்சு யாரையும் யாரும் ஏமாத்தக் கூடாதில்லையா.

விக்கிறவர்கிட்ட என்ன பேப்பர் கேக்குறது? இங்க யாரும் பில் குடுக்குறதில்லையே

குடுக்க மாட்டாங்கன்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, கேளுங்க. ஏலத்துல எடுத்ததுன்னா ஏலச் சீட்டு, லாட் நம்பர், தேதி. வீட்டுலருந்து எடுத்ததுன்னா எந்த ஊர், எந்த வீடு, எப்ப. இத ஒரு வெள்ளைத் தாள்லயாவது எழுதி, சாமான் போட்டோவ ஒட்டி, கையெழுத்து வாங்குங்க. டிசைனர் பேர் சொல்லி வித்தா அந்தப் பேர பில்லுல எழுதச் சொல்லுங்க. வாயால நூறு தடவ சொன்னவர் பேனாவ எடுத்ததும் "பழைய தேக்குச் சேர்"னு மட்டும் எழுதுனார்னா உங்களுக்குப் பதில் கெடச்சாச்சு.

நீங்க விக்கிறவங்கன்னா உங்க வீட்டுலயே சாட்சி இருக்கும். பழைய கல்யாண ஆல்பத்தப் புரட்டுங்க, மாப்பிள்ளை பொண்ணு உக்காந்திருக்குற சேரோ பின்னாடி சுவத்தோரமா இருக்குறதோ அதே சேரா இருக்கலாம். அந்த ஒரு போட்டோ, தேதியோட, நான் எழுதித் தர்ற எந்தச் சான்றையும் விடப் பெருசு. சாமான் சிட்டை, ரங்கூன், பினாங்கு கடிதம், பழைய கடை ரசீது, எதையும் குப்பைன்னு எரிச்சுடாதீங்க. வீடு காலி பண்ணும்போது முதல்ல போறது பேப்பர்தான், எத்தனையோ வீட்டுல பாத்திருக்கேன்.

பொது வீட்டுச் சாமான், பங்காளி ஒருத்தர் மட்டும் வந்து விக்கிறார். வாங்கலாமா?

பத்துப் பதினஞ்சு புள்ளிக்கு (குடும்பத்துக்கு) சொந்தமான வீட்டுல ஒருத்தர் கையில சாவி இருக்குறதால சாமான் அவருதாயிடாது. மத்தவங்க சம்மதம் எழுத்துல இருந்தா வாங்குங்க. இல்லாட்டி பின்னாடி திருட்டுச் சாமான்னு கேஸ் வந்தா சேரும் போகும், பணமும் போகும், அலையுறது நீங்கதான்.

மகன் சிங்கப்பூர்ல இருக்கான், அங்க அனுப்பலாமா?

1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் ஆன பொருள் தொல்பொருள் கணக்குல வரலாம், அத தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மிட்-செஞ்சுரிச் சாமான் அந்த வயசுக்கு இன்னும் வரல, ஆனா பாக்குறதுக்குப் பழசா இருக்குறதால கஸ்டம்ஸ்ல நிறுத்தலாம், அதுக்குத் தொல்லியல் துறைகிட்ட இது தொல்பொருள் இல்லன்னு சான்று வாங்கி வைக்கணும். உங்க வீட்டு நிலைக்கதவு, பழைய பெட்டகம் வேற கதை, அது நூறு தாண்டியிருக்கும். தோதகத்தி (ரோஸ்வுட்) மரம்னா, அழியுற மரம், விலங்கு வியாபாரத்தக் கட்டுப்படுத்துற சைட்டிஸ்ங்குற உலக ஒப்பந்தக் கட்டுப்பாடு தனியா இருக்கு, பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992லருந்து ரொம்பக் கடுமை. தேக்குக்கு அந்தத் தொல்லை இல்ல.

சண்டிகர் சாமான் மட்டும் தனி. பாரம்பரியச் சாமான விக்கவோ வெளிய அனுப்பவோ கூடாதுன்னு மத்திய உள்துறை 2011ல உத்தரவு போட்டுச்சு. அதனால அந்தச் சேர் நெஜம்னு உறுதியாச்சுன்னா உடனே அடுத்த கேள்வி வரும், அது எந்த வருஷம், எந்த ஏலத்துல வெளிய வந்துச்சுன்னு. ஏலச் சீட்டு முக்கியம்னு மேல சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

போட்டோ அனுப்புனா சொல்லிடுவீங்களா?

முன்பக்கப் போட்டோ மட்டும் அனுப்பாதீங்க, முன்பக்கத்தத்தான் எல்லாரும் நல்லா காப்பி அடிப்பாங்க. கவுத்துப் போட்டு அடி, பாதம், ஒரு இணைப்பு கிட்டத்துல, ஸ்க்ரூ தலை ஒண்ணு, எழுத்து இருந்தா சாய்வா வெளிச்சம் விழுற மாதிரி ஒண்ணு, பக்கத்துல டேப் வச்சு ஒண்ணு. பகல் வெளிச்சத்துல, ஃபிளாஷ் இல்லாம.

எல்லாம் பாத்தாச்சு, இன்னும் பாதி நம்பிக்கைதான். என்ன பண்றது?

அப்ப டிசைனர் பேர மனசுலருந்து எடுத்துட்டு, இது யார் செஞ்சதுன்னே தெரியாத ஒரு பழைய தேக்குச் சேர்னா எவ்வளவு குடுப்பேன்னு யோசிங்க. அந்த விலைக்கு வந்தா வாங்கிட்டு வந்து வீட்டுல போடுங்க. வரலன்னா டேப்ப மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போங்க, தெரு நீளம்தான்.